ஆளுக்கொரு கல்

ஜூலை இரண்டாம் சனிக்கிழமைக்கு
நான்கு நாள் இருக்கும்போது கூப்பிடுவார்கள்.
புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு
பள்ளத்தாக்கில் இறங்குவேன்.
இடுப்பு உயரத்துக்குப் பெரணி.
அதற்குள் எங்கோ பதினொரு வீடுகள்.

வீடென்றால்
முழங்கால் அளவுக்கு நாலு பக்கமும் கல்,
வாசல் இருந்த இடத்தில் ஓர் இடைவெளி.
அடுப்பெரிந்த மூலையில் செந்தட்டி.
ஆள் புழங்கிய மண்ணைத் தேடித்தான் அது முளைக்கும்.
கை அரித்தால்
வீட்டுக்குள் வந்துவிட்டேன் என்று பொருள்.

நான் இந்தக் குலம் இல்லை.
அப்பா பீட்டர்ஹெட் துறைமுகத்தில்
மீன்பெட்டி அடுக்கியவர்.
விஷார்ட் என்ற பெயருக்குக் கூடாரம் உண்டா,
கட்டம் போட்ட துணி உண்டா,
கேட்டுப் பார்த்ததில்லை.
மணிக்குப் பதினான்கு பவுண்டு,
அவ்வளவுதான் எனக்கும் இவர்களுக்கும் உறவு.

சனிக்கிழமை மூன்று பேருந்துகள் வரும்.
டனீடினிலிருந்து, கேப் பிரெட்டனிலிருந்து,
பெர்த்திலிருந்து. எங்கள் பெர்த் இல்லை,
வெயிலடிக்கும் பெர்த்.
ஒரே கட்டத்தில் கில்ட் உடுத்திய
நூற்று முப்பது பங்காளிகள்
பொடிக்கொசு கடித்த முட்டியைச் சொறிந்தபடி
ஒருவர் மூக்கை ஒருவர் உற்றுப் பார்த்து
"நம்ம மூக்கேதான்" என்று கட்டிக்கொள்வார்கள்.
துருத்திக்குழல் ஊதுகிறவன் ரஃபால், போலந்துக்காரன்.
அவன் ஊதினால் எல்லாரும் அழுவார்கள்.
அவன் மூக்கை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை.
மூன்றாம் வருடம்
கீழ்க்கோடி வீட்டு வாசலோரம்
முழங்காலுக்கு இருந்த சுவர்
கெண்டைக்காலுக்கு வந்திருந்தது.

நின்று பார்த்தேன்.
ஃபார்க்கர் என்றொரு பல் மருத்துவர்
ஷூ நாடா கட்டுகிறவர்போல் குனிந்தார்.
நிமிர்ந்தபோது கோட்டுப்பை ஒரு பக்கம் தொங்கியது.
கைப்பைகளில், தொப்பிக்குள்,
குழந்தைத் தள்ளுவண்டியின் அடியில்.
அன்பாகத்தான் எடுத்தார்கள்.
ஒருத்தி முத்தமிட்டுவிட்டு எடுத்தாள்.

கூரைக்குத் தீ வைத்தவன்கூட
சுவரை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான்.

கமிட்டியிடம் சொல்லவில்லை.
சொன்னால் பலகை நடுவார்கள்.
இரண்டு விமானம் மாறி வந்தவளிடம்
உன் வீட்டை நீ தொடக்கூடாது என்று
எப்படிச் சொல்வது?
ஏற்கெனவே ஒருமுறை
சொல்லியாயிற்று அவர்களிடம்.

அதனால் இப்போதெல்லாம்
வெள்ளிக்கிழமை இரவு டிராக்டரில் ஒரு லோடு.
சாலையை அகலப்படுத்தியபோது
உடைத்துக் குவித்த கல்.
தயிர் பூசி இரண்டு மாதம்
கொட்டகை நிழலில் போட்டுவைத்தால்
இருநூறு வருடத்துப் பாசி வந்துவிடும்.
உள்ளங்கைக்கு வாகானதாகப் பார்த்து
வாசல்களின் ஓரம் போட்டுவிட்டு வருவேன்.
மறுநாள் மாலைக்குள் ஒன்று மிஞ்சாது.
சுவர் அப்படியே இருக்கும்.

டனீடினில் யாரோ ஒருவரின் கண்ணாடி அலமாரியில்
குட்டி விளக்கின் கீழ்
எங்கள் மாவட்ட நெடுஞ்சாலை அமர்ந்திருக்கிறது.
இது பாவமா, தெரியாது.
படுத்தால் தூக்கம் வருகிறது.

போன வருடம் மர்டினா வந்தாள்.
கேப் பிரெட்டனில் நண்டு பதனிடும் ஆலையில் வேலை,
விரலெல்லாம் வெட்டுத் தழும்பு.
கில்ட் இல்லை, மஞ்சள் மழைக்கோட்டு.
மற்றவர்கள் தேநீர்க் கூடாரத்துக்குப் போனபின்
என் கற்களில் ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.
அடியில்
வெடி வைக்கத் துளைத்த தடம்,
அரைவட்டமாய், வழவழப்பாய்.

கல்லைப் பார்த்தாள்.
டிராக்டரின் சக்கரத் தடத்தைப் பார்த்தாள்.
என் பூட்ஸைப் பார்த்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.
அதையே பையில் போட்டுக்கொண்டாள்.
பிறகு கீழ்க்கோடி வீட்டில்
சரிந்து கிடந்த நிஜக் கல் ஒன்றை
இரண்டு கையாலும் தூக்கி
சுவரில் ஏற்றி,
ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்து,
ஒரு சில்லை அண்டக்கொடுத்துவிட்டு
தேநீர் குடிக்கப் போனாள்.

இந்த வருடம்
நூற்று அறுபது பேர் என்கிறார்கள்.
தயிர் இன்னும் நாலு டப்பா வாங்க வேண்டும்.