இரண்டாவது குரல்

மாடிப்படியின் ஏழாவது படியில்
இரண்டு கட்டம் சிக்னல் நிற்கும்.
எட்டாவதில் வைத்தால்
தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்கிறது போன்.
வேலந்தாவளம் செக்போஸ்டில்
லாரிகள் காகிதம் நீட்டிக் காத்திருக்கும் எல்லையை
நான் காலை மடக்கி நீட்டும்போது கடக்கிறேன்.

நாற்பத்து மூன்று வயதில் எம்.ஏ. கல்வியியல்.
முதல் செமஸ்டர் பணத்தை
தக்காளி எண்பதுக்குப் போன வாரம் கட்டினோம்.
இரண்டாவதை
நாலு ரூபாய்க்கு விழுந்த வாரம்.
ஜெய்லானி ஒன்றும் சொல்லவில்லை.
ரசீதை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்,
டாக்டர் எழுதிய சீட்டைப் பார்ப்பதுபோல.

பாடம் எடுப்பவர் எந்த ஊரோ தெரியாது.
அவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், சுவரில் ஒரு பல்லி.
மூன்று வாரமாக நகராத பல்லி
ஆணி என்று நான்காம் வாரம் தெரிந்தது.
தாய்மொழியில் கற்பதன் அவசியத்தை
அன்று அவர் ஒன்றரை மணி நேரம்
ஆங்கிலத்தில் விளக்கினார்.
பகலெல்லாம் எருத்தேம்பதியில் தமிழில் நடத்திவிட்டு
ஹெட்மாஸ்டருக்கு மலையாளத்தில் கணக்குச் சொல்லிவிட்டு வந்து
நான் ஆங்கிலத்தில் குறிப்பெடுத்தேன்.
சிரித்தேன்தான்.
மைக் அணைத்திருந்தது.

பரீட்சை ஞாயிறு காலை.
போன் ஏழாவது படியில், வாளிக்குள்.
லேப்டாப் உள்ளறையில், அரிசி டின் மேல்.
அறையைச் சுற்றிக் காட்டு என்றது திரை.
காட்டினேன்.
கட்டிலுக்கு அடியில்: வெங்காய மூட்டை.
கதவுக்குப் பின்னால்: அவருடைய இரண்டு சட்டை.
காதைக் காட்டு என்றது.
முக்காட்டை விலக்கி இடது, பிறகு வலது.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு பார்க்கவில்லை.

மூன்றாவது கேள்வி எட்டு வரி.
கண் கடைசி வரி வரைக்கும் போய்விட்டது
அர்த்தம் முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தது.
வழக்கம்போலச் செய்தேன், வாய்க்குள்ளேயே:
"அதாவது, புள்ளைக்குத் தெரிஞ்சதுல இருந்து
தெரியாததுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போவே,
அதத்தான் கேக்கறாங்க."

சிவப்பாக ஒரு பட்டை ஓடியது:
அறையில் இரண்டாவது குரல்.

மறுநாள் காலை விளக்கம் கேட்டிருந்தார்கள்.
உடன் இருந்தவர் யார்?
நண்பர், உறவினர், பணியாள், மற்றவை.
மற்றவையைத் தொட்டதும் ஒரு கட்டம் திறந்தது.

அவள் எனக்கு முன்பிருந்தே இங்கே இருப்பவள் என்று எழுதினேன்.
பிரசவ வலியில் கத்தியது அவள்.
மளிகைக் கணக்கைக் கூட்டுவது அவள்,
நான் எழுதிக்கொள்வேன்.
துஆவில் பாதியை அவள்தான் கேட்கிறாள்.
உங்கள் கேள்வி அவளுக்குப் புரிந்தது,
பதிலை நான் எழுதினேன்.
அவளுக்குப் பட்டம் வேண்டாம்.

எழுதியது தமிழில் என்று
அப்புறம்தான் கவனித்தேன்.
அழித்துவிட்டு,
யாருமில்லை, எனக்கு நானே வாசித்தேன் என
ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பினேன்.

அன்று மூன்றாம் வகுப்பில் கழித்தல்.
சுபின்ராஜ் எப்போதும்போல உதட்டை அசைத்து
"பதிமூணுல ஏழு போனா, பதிமூணுல ஏழு போனா" என்று
பென்சிலால் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தான்.
இரண்டு வருஷமாக
விரலை என் உதட்டில் வைத்துக் காட்டி
மனசுக்குள்ள, மனசுக்குள்ள என்று
அவனைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.
விரல் பாதி தூரம் வந்தது.
வந்த விரலுக்கு வேலை வேண்டுமே,
ஊக்கைச் சரி செய்துகொண்டேன்.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
பெஞ்சு சின்னது, முட்டி இடித்தது.
ஏழு போக எட்டு, ஒன்பது, பத்து...
நிமிர்ந்து என் வாயையே பார்த்தான்.

"டீச்சர், நீங்களும் பேசறீங்க."

ஆமா, என்றேன்.
கணக்கப் போடு.