ஒரு பக்கம்

முதல் குளிர்காலத்தில் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை.
மேக்பை என்றால் மேக்பை, அவ்வளவுதான்.
ஹார்ஷமில் நாங்கள் வீடு வாங்கிய ஜூன் மாதம்
உறைபனிப் புல்லை மிதித்துக்கொண்டு வந்த நான்கும்
ஒரே அச்சில் வார்த்தவை.

கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும். எண் நிற்கும். சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
ஓட்டுநர் முகம் உயரத்தில் இருக்கும், கண்ணாடியில் வெயில் இருக்கும்;
முன்கம்பியின் நசுங்கலைப் பார்த்தே
இன்னார் என்று எழுதிவிடுவேன்.

அந்தப் பழக்கம் வீடுவரை வந்தது.
மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டு
பறவைகளிடமும் நசுங்கல் தேடினேன்.

வலது காலில் நடுவிரல் இல்லாதவன்.
நசுங்கிய லாரிகளிலேயே அதிகம் நசுங்கியதை ஓட்டும்
மெர்வின் பெயர் அவனுக்கு.
அலகு நுனி இடப்பக்கம் வளைந்தவள்,
புழுவை இழுப்பதில்லை, திருகாணி மாதிரி கழற்றுவாள்.
அவர்களுடைய போன வருடத்துப் பிள்ளை,
சாம்பல் மார்பு, எதற்கும் ஒரு அழுகை.
நான்காவதை மட்டும் குரலால்தான் தெரியும்:
பாட்டை முடிக்காமல் நிறுத்திவிடும்.

அடுத்த வீட்டு ஸ்டென்கா மெர்வை ‘டாக்டர்’ என்பாள்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
வார்டு சுற்றுவது போல நடக்கிறானாம்.
இரண்டு பெயருக்கும் வந்தான்.
இரண்டு வீட்டிலும் தின்றான்.

செப்டம்பரில் கூடு.
தபால்காரரை விரட்டினான். ஸ்டென்காவின் மருமகனை விரட்டினான்.
என் கணவர் கேவன் ஹெல்மெட்டின் பின்புறம்
பெரிய கண்கள் இரண்டு வரைந்து மாட்டிக்கொண்டார்;
அந்தக் கண்களிலேயே கொத்தினான்.
என்னை ஒருநாளும் இல்லை.
இதைக் கிடங்கில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்,
கேட்காதவர்களிடமும்.

சாம்பல் மார்பை அப்பனே அடித்துத் துரத்தினான், மறு குளிரில்.
அது யூகலிப்டஸ் வரிசையைத் தாண்டிப் போனது.
பிறகு காணவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு மார்ச் காலை
தேநீர் என் வாயின் இடது ஓரத்தில் வழிந்தது.
வழிந்தது தெரியவில்லை, கேவன் பார்த்த பார்வை தெரிந்தது.
நரம்பு, என்றார் மருத்துவர். திரும்பலாம்.
திரும்பாமலும் இருக்கலாம்.
இரவில் இடது கண்ணை
டேப் ஒட்டி மூடினேன்.

ஓட்டுநர்கள் சீட்டை மட்டும் பார்த்தார்கள்.
கடைப் பெண் என்னிடம் மெதுவாக, சத்தமாகப் பேசினாள்.
சாப்பாட்டு மேசையில் கேவன்
வலப்பக்கம் நாற்காலியை மாற்றிப் போட்டிருந்தார்.
மாற்றியது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.
கேட்கவில்லை.

ஐந்து வாரம் தோட்டத்துக்குப் போகவில்லை.

போன நாள், கேவனின் மழைக்கோட்டு, தலையில் முக்காடு,
கையில் மண்வெட்டி.
வழக்கம்போல் சீட்டியடிக்க உதட்டைக் குவித்தேன்.
பாதி குவிந்தது.
காற்று வந்தது, சத்தம் வரவில்லை.
இன்னொரு முறை. காற்று.
சிரிப்பு வந்தது, அதுவும் பாதி.

மெர்வ் வேலிமேல் இருந்தான்.
இறங்கினான். மூன்று எட்டு, நின்றான்.
தலையைச் சாய்த்து
ஒரு கண்ணால் பார்த்தான்.
பிறகு உடம்பைத் திருப்பி மறு கண்ணால்.
பறவைக்குக் கண் இரண்டும் இரண்டு பக்கம்,
கிட்டே நின்று பார்ப்பதெல்லாம்
ஒரு கண்ணுக்கு அகப்பட்டதுதான்.
இவன் எந்த நாளில்
என் முகத்தை முழுதாகக் கேட்டான்?

நேராக வந்து
என் ரப்பர் பூட்ஸின் மேல் ஏறி, இறங்கி,
கிளறாத மண்ணைக் கொத்திக் காட்டினான்:
ம், ஆகட்டும்.

வெட்டினேன்.
வெள்ளைப் புழு ஒன்று, இரண்டு.
வளைந்த அலகு வந்தாள், கழற்றினாள்.
பாட்டை முடிக்காதது எங்கோ பாதியில் நிறுத்தியது.

அப்போது யூகலிப்டஸ் வரிசையிலிருந்து ஒன்று இறங்கிற்று.
மார்பு நல்ல கறுப்பு. வளர்ந்த பறவை.
மெர்வ் நிமிர்ந்தான், ஆனால் துரத்தவில்லை.
யாரென்று எனக்குத் தெரியவில்லை.
நசுங்கல் எதுவும் இல்லை,
இந்தப் பக்கம்.

மூடாத கண்ணில் நீர் வழிய
மண்வெட்டியில் சாய்ந்து நின்றேன்,
அது திரும்பட்டும் என்று.