புகை காட்டிய இடம்

பிளக் மாற்றியாயிற்று. சென்சார் மாற்றியாயிற்று.
ருஸ்தாவி சந்தையில் கடன் சொல்லி
பேட்டரியும் வாங்கியாயிற்று.
சாவியைத் திருப்பினால் ஒரு செருமல்,
பிறகு பேச்சில்லை.
தப்பித்தவறிப் பிடித்துக்கொண்டால்
மேட்டில் உஸ்ஸென்று இளைக்கும், கரும்புகை கக்கும்,
பின்னால் வரும் லாரிக்காரன்
என் வம்சத்தை விசாரிப்பான்.

நேற்றிரவு நுக்சர் வந்தான்.
டர்போவின் வாயை டப்பா மூடியால் அடைத்து,
மூடியில் துளையிட்டு,
"சுருட்டு இருக்கா?" என்றான்.

நான் விட்டு ஏழு மாதம்.

இருந்தது.
ஜாக்கிக்கு அடியில், கந்தல் துணிக்குள்.

ஊதினேன். கண்ணில் நீர் முட்ட
மறுபடி ஊதினேன்.
இன்டர்கூலர் குழாயின் கழுத்திலிருந்து
நூலாய் எழுந்தது புகை:
நகக்கண் அளவு கிழிசல்.

நறுக்கி, செருகி, கிளாம்ப் முறுக்கினோம்.
முதல் திருப்பிலேயே உறுமியது வண்டி.

சத்தம் கேட்டு லமாரா வந்தாள்.
வண்டியைப் பார்க்கவில்லை.
குனிந்து என் சட்டையை முகர்ந்து,
"எங்கே ஒளித்திருந்தாய்?" என்றாள்.