கோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு விரல்

பிப்ரவரி வெள்ளிக்கிழமை, மாலை நாலரை.
மெஸய்யீத் ஆலையின் உச்சியில்
விடுமுறை தெரியாத நெருப்பு.
அதற்குப் பின்னால் எங்கள் கோல்ஃப் மைதானம்:
குழிகள் உண்டு, கொடிகள் உண்டு,
புல் கிடையாது.

"பெரிய பங்கருக்குள்ளே சின்ன பங்கர்" என்பான் ரொடெல்,
அக்குளில் பாய்த்துண்டை இடுக்கியபடி.
மிதியடி அளவுக்குச் செயற்கைப் புல்.
பந்து எங்கே நின்றாலும் அதன்மேல் எடுத்து வைத்து
அந்த ஒரு முழப் பச்சையிலிருந்து அடிக்கலாம்.

நான் குழாய்களின் கனம் அளக்கிறவன்.
கால் மில்லிமீட்டர் தேய்ந்தாலும் எழுதிவிடுவேன்.
ஏழாம் நம்பர் இரும்பை மட்டும்
எட்டு மாதமாய் அளக்க முடியவில்லை.
ஒரு வீச்சில் பந்தின் உச்சந்தலையைச் சீவும்.
மறு வீச்சில் மண்வெட்டியாகிப் பூமியைக் கொத்தும்.
மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கும்;
பந்து பத்தடி உருண்டு
திரும்பிப் பார்ப்பதுபோல் நிற்கும்.

பந்தைத் தூக்கிவிடப் பார்த்தேன், அதுதான் கோளாறு.
தூக்குவது இரும்பின் சரிவு பார்த்துக்கொள்ளும் வேலை.
தெரியும்.
கைக்குத் தெரியாது.

இன்று பந்தைப் பையில் போட்டுவிட்டேன்.
குதிகாலால் மணலில் ஒரு கோடு.
கோட்டை மட்டும் அடித்தேன்.
குனிந்து, வடு எங்கே தொடங்குகிறதென்று பார்த்தேன்:
கோட்டுக்கு இந்தப் பக்கம், நான்கு விரல்.
இன்னொரு கோடு. நான்கு.
இன்னொன்று. ஐந்து.

கை முன்னே போய்விட்டது,
உடம்பு வலது காலிலேயே தங்கிவிட்டது,
மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு
டிக்கெட்டை மட்டும் தள்ளிப்போடுகிறவன் மாதிரி.

இடது காலுக்குக் குடிபெயர்ந்தேன்.
மூன்று விரல். ஒன்று. கோட்டின் மேலேயே.
எத்தனையாவது கோடோ, எண்ணவில்லை,
வடு கோட்டைத் தாண்டித் தொடங்கியது.
அந்தப் பக்கம், இரண்டு விரல்.

பாயை விரித்தேன், பந்தை வைத்தேன்.
முதலில் பந்து, பிறகுதான் தரை.
சத்தமே வேறு.
பித்தளைப் பூட்டு திறக்கிற சத்தம்.
ரொடெல் போனிலிருந்து தலை நிமிர்ந்தான்.

ஆனாலும் கொடிக்கு இருபது தப்படி முன்னால் விழுந்தது,
அந்த அசல் பங்கருக்குள்.

இங்கே பாய்க்கு அனுமதி இல்லை.
இப்போதுதான் கற்றதை இப்போதே மறக்க வேண்டும்:
இங்கே பந்தைத் தொடக் கூடாது.
அதற்குப் பின்னே இரண்டு விரல் மணலை அடி,
மணல் அதைச் சுமந்து போகட்டும்.
வேண்டியதைத் தொடாமலே வெளியேற்றுகிற அடி.
முதல் முறை மணல் மட்டும் போனது.
இரண்டாம் முறை பந்தும் சேர்ந்து போனது,
பிரவுனின் விளிம்பு வரைக்கும்.

பிரவுன் என்றுதான் சொல்கிறோம்.
எண்ணெய் ஊற்றி இறுக்கிய கருமணலைக்
கிரீன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

வாயில் பேரீச்சம்பழம் இருந்தது. கொட்டையைத் துப்பினேன்.
விளிம்பைத் தாண்டி ஓரடியில் விழுந்து கிடந்தது.
குழியை மறந்துவிட்டு
கொட்டையைக் குறிவைத்தேன்.
மணிக்கட்டைப் பூட்டி, மூச்சுக்கு மேல் பலம் சேர்க்காமல்,
துடைப்பம் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளு.
கொட்டைக்குப் பக்கத்தில் விழுந்தது.
உருண்டது. உருண்டுகொண்டே இருந்தது.
குழிக்கு ஒரு சாண் இருக்க நின்றது.

அந்தச் சாணை இரண்டு தட்டில் கடந்தேன்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பிறகு மரச்சட்டத்தை இழுத்து
காலடிகள், பந்து வந்த வழி, எல்லாவற்றையும் சமன் செய்தோம்,
அடுத்து வருகிறவர்களுக்காக.
தொலைவில் என் கோடுகள் மட்டும் அப்படியே கிடந்தன,
யாரோ நாள் எண்ணிய சுவர் போல.

அடுத்த குழுவிலிருந்து இருதயராஜ் கத்தினார்:
"எத்தனை?"
வழக்கமாக ஐந்து என்பேன்.
"ஆறு" என்றேன்.