ஐஸ்கிரீம் கிடங்கின் பின்சுவர்

நுழைவுச் சீட்டோடு வந்த வரைபடத்தில்
ஒரு காதை வரைந்து அதன் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள்:
அமைதி அறை.
ரோலர் கோஸ்டருக்கும் பேய் வீட்டுக்கும் நடுவே
கடுகளவு நீலச் சதுரம்.
முந்தின இரவே
சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்து வைத்திருந்தேன்.

பதினோரு மணிக்குப் போனோம்.
பூட்டு.
சாவிக்காரப் பெண் சாப்பிடப் போயிருக்கிறாள் என்று
ஒலிபெருக்கியின் அடியில் நின்றவர்
கத்திச் சொன்னார்.

ஒட்டாவியு விரல்களை எண்ணத் தொடங்கியிருந்தான்.
ஒன்றிலிருந்து பத்து, பத்திலிருந்து ஒன்று.
ஏழில் தடுக்கினால்
எனக்கு இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஜனவரி விடுமுறை.
சான்டா கத்தரினா மாநிலமே இங்கே வரிசையில் நிற்கிறது.
கடைக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு முரசு,
கருகிய சர்க்கரை வாசனை, சன் க்ரீம் தடவிய முழங்கைகள்.
"போகப் போகப் பழகிடுவான்" என்கிறார் வால்டிர்.
எட்டு வருடமாகச் சொல்கிறார்.
மகளை அழைத்துக்கொண்டு
தண்ணீர்ச் சறுக்குக்குப் போங்கள் என்றேன்.
போனார்,
திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

முதலுதவி அறையில்
முழங்கால் கிழிந்த பையன் ஒருவன்
ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.
கழிப்பறையில் கை உலர்த்தும் எந்திரம்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
மீன் கூடம் நன்றாக இருந்தது.
நீல இருட்டு, வாயை மட்டும் அசைக்கும் மீன்கள்.
எங்களைப் போலவே ஏதோ முணுமுணுத்தன.
பிறகு ஒரு பள்ளிக்கூடம் முழுக்க உள்ளே வந்தது.

ஒன்று இரண்டு மூன்று நாலு ஐந்து ஆறு
ஆறு
ஆறு

"பணியாளர் மட்டும்" என்ற பலகையை
நான் படிக்கவில்லை.
கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

கிடங்கின் பின்புறம்.
இரண்டு வாழை, காலிப் பால் கூடைகள்,
ஈரக் காரை பெயர்ந்த சுவர்.
சுவருக்கு அந்தப் பக்கம்
உறைபெட்டிகளின் எந்திரம்
ம்ம்ம் என்று ஒரே சுதியில் நின்றது.
ஏறவில்லை, இறங்கவில்லை.

இத்தனை வருடமும் நான் மௌனத்தைத் தேடியிருக்கிறேன்.
அவனுக்கு வேண்டியது
ஒரே ஒரு சத்தம்.
முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு
அதைத் தண்டுவடத்தால் குடித்தான்.

அப்போதுதான் பார்த்தேன்,
கூடைமேல் உட்கார்ந்திருந்தது கேப்பிபாரா.
காலையில் வாசலில் கைகுலுக்க வந்து
ஒட்டாவியுவை என் சட்டைக்குள் விரட்டிய
அதே பழுப்பு ரோமம்.
தலை மட்டும் மடியில் இருந்தது.
கழுத்துக்கு மேலே இருபது வயதுப் பெண்,
நெற்றியில் அப்பிய ஈர முடி,
பாதி தின்ற சீஸ் ரொட்டி.

அவள் எங்களைப் பார்த்தாள்.
நாங்கள் அவளைப் பார்த்தோம்.
இரண்டு தரப்பும் விதியை மீறியிருந்தோம்.
எதுவும் சொல்லாமல்
பக்கத்துக் கூடையைக் காலால் ஒரு முழம் தள்ளினாள்,
எனக்கு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
ஒட்டாவியு எந்திரத்தோடு சேர்ந்து முனகினான்.
கொஞ்சம் கழித்து அவளும்,
ரொட்டி மென்றபடி, சுதி தப்பாக.
என் கை நடுங்கிக்கொண்டிருந்தது என்பதே
அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

அவள் எழுந்தாள். மடியிலிருந்த தலையைத் தூக்கினாள்.
மாட்டுவதற்கு முன் அவனிடம் சொன்னாள்:
"மூணு இருபதுக்கு மறுபடி வருவேன்."
ஒட்டாவியு என் மணிக்கட்டைத் திருப்பிக்
கடிகாரத்தைப் பார்த்தான்.
மூன்று இருபதுக்கும் போனோம்.

"எதில் ஏறினீங்க?" என்றார் வால்டிர், தலையெல்லாம் சொட்ட.
எதிலும் இல்லை. சுவரில் சாய்ந்திருந்தோம்.
"அவ்வளவுதானா?"
மகள் அவர் கையைக் கிள்ளினாள்.

மாலை ஊர்வலம் வந்தது.
நாற்பது முரசு, காகித மழை,
நடுவில் இரண்டு கையும் தூக்கி ஆடிக்கொண்டு கேப்பிபாரா.
ஒட்டாவியு காதை இறுகப் பொத்தியிருந்தான்.
கண்ணை மூடவில்லை.
அது எங்களைக் கடந்து போகும்வரை பார்த்திருந்துவிட்டு
எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"உள்ளே முடி நனைஞ்சிருக்கும்."