மணியில் இருக்கும் ஊர்

மாதாகோயில் மணியின் விளிம்பில்
வாய் நுழையாத ஓர் ஊர்ப்பெயர் வார்த்திருக்கிறது.
பிரான்சில் அந்த ஊரிலிருந்தே ஒருத்தி வந்திருந்தாள், ஓடில்.
பள்ளி விடும்வரை என் வேன் வேண்டுமாம்.
எண்பது ரிங்கிட் என்றேன்.
பேரம் பேசவில்லை. நூறு சொல்லியிருக்கலாம்.

சுங்கை பெலிம்பிங்கில் பார்க்க என்ன இருக்கிறது?
அவள் பாட்டனுக்குச் சித்தப்பா,
பாதிரியாராக வந்து காய்ச்சலில் விழுந்தவர்.
உபதேசியார் சவரிநாதன்
தேங்காய்நாரால் கல்லறைப் பாசியைத் தேய்த்துக் காட்ட
பெயரைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை.
பிறகு எடைமேடை.
பிறகு மணிக்கூண்டு, நாலு முகத்தில் நாலு நேரம்.
அரைமணியில் தீர்ந்துவிட்டது
எங்கள் சரித்திரம்.

ஆ லெக் கடையில் கோப்பி ஆறுவதற்குள்
கைப்பேசியில் தன் ஊரைக் காட்டினாள்.
முந்நூறு பேர். கோயிலுக்கு எண்ணூறு வயது.
ஓடு வேய்ந்த கல்தொட்டி ஒன்று, பக்கத்தில் பலகை.
தெப்பக்குளமா என்றேன்.
இல்லை, பெண்கள் துணி துவைத்த இடம்,
அரசாங்கம் காக்கிறது என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அப்படியானால் ஏறு வேனில்.

மூணாம் டிவிஷன்.
லயத்தை இடித்துச் செம்பனை நட்டுப் பதினெட்டு வருஷம்.
குழாயடி மட்டும் தப்பியது,
புல்டோசர்காரன் சோம்பேறி.
ஓலையை விலக்கினேன்:
சரிந்த துவைகல், நடுவில் குழிவு.
சட்டையில் பால்கறை போகாது,
அதனால் கல்தான் போனது.
அவள் முழங்காலிட்டுப் படம் எடுத்தாள்.
செவ்வெறும்பு கடித்தது. அதையும் எடுத்தாள்.

திரும்பும் வழியில் இன்னொரு படம்:
அவள் ஊர் நடுவே ஒரு தூண்,
போருக்குப் போய்த் திரும்பாத இருபத்திரண்டு பெயர்,
ஒரே வீட்டில் மூன்று.
உங்கள் தூண் எங்கே என்றாள்.
சவரிநாதன் சொல்லியிருக்க வேண்டும்,
சயாமில் தண்டவாளம் போட
இங்கிருந்து லாரியில் ஏற்றிப் போனவர்களை.

செக்ரோலில் இருந்திருக்கும் என்றேன்.
அது எங்கே?
கம்பெனி கைமாறியபோது
ஆப்பீஸ் பின்னால் எரித்தார்கள்.
குலை ஏற்றிய லாரி எங்களை முந்திப் போனது.
கொஞ்ச தூரம் அதன் பின்விளக்கையே பார்த்தோம்.

எனக்கு ஒரு பெயர்தான் தெரியும்,
என் தாத்தாவின் அண்ணன், பெத்தபெருமாள்.
நோட்டில் தன் எழுத்தில் எழுதினாள்.
வாசி என்றேன்.
மூன்று முறை முயன்றாள்.
மூன்று முறையும் வேறு யாரோ வந்தார்கள்.

மாதாகோயிலில் பன்னிரண்டு அடித்தது,
அவள் ஊர் அடித்தது.
நான் கியரை மாற்றினேன்.
ஒன்றே காலுக்குப் பள்ளி விடும்.