கவிழ்பம்பரம்

வெண்ணெய்க்குப் பேர்போன நாட்டில்
நான் கடைவது பேரி மரம்.
ஸ்வென்போர்க் துறைமுகம், நவம்பர்;
மூன்றரைக்கே விளக்கு போட்டாயிற்று.

ஓர் உருண்டை. அதன் உச்சியைச் சீவி,
உள்ளே குடைந்து,
நடுவில் ஒரு காம்பு.
பள்ளிக்கூடத்துக்கு நாற்பது. ஒரு வார வேலை
என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

முதல் ஆறும் கவிழவில்லை.
சமர்த்தாகச் சுற்றி, சமர்த்தாகச் சாய்ந்தன.
ஏழாவதில் உளி வழுக்கிக்
குழி ஆழமாகிவிட்டது.
போச்சு என்று பெஞ்சில் திருகி விட்டேன்.

தள்ளாடியது.
காம்பு பலகையை உரசியது.
ஓர் உதறல்.
தன் பாரத்தைத் தானே தூக்கிக்கொண்டு
ஒற்றைக் காலில் நிற்கிறது, கழுதை!

உருப்படிக்கு நான்கு குரோன் நஷ்டம் என்று
கணக்கெழுத வந்த ஹோல்கர்
பேனாவை மூடிவிட்டு மண்டியிட்டார்.
"கவிழ்ந்த பிறகும் அதே வலம்தான்."
"தலைகீழாச்சே, இடம் இல்லையோ?"
ஒரு கோப்பைக் காப்பிக்குப் பந்தயம்.

சுற்றும் திசையிலேயே
உருண்டையின் இடுப்பில் பென்சிலால் ஓர் அம்பு வரைந்து
மறுபடி விட்டோம்.
அறைக்கு மாறவில்லை, வலமே.
ஆனால் வேகம் தணிந்து அம்பு கண்ணுக்குத் தெரிந்தபோது
வால் முன்னே, முனை பின்னே
பறந்துகொண்டிருந்தது.

அவரவர் காப்பியை அவரவர் போட்டுக்கொண்டோம்.

சாண உளியைக் கல்லில் தீட்டுகிறேன்.
தவறிச் செய்ததை இனி
முப்பத்தொன்பது தடவை
அளந்து செய்யவேண்டும்.